நான்கு சமன்பாடுகளும் நான் இழந்த ஒரு வருடமும்

2017ஆம் ஆண்டு மார்கழிக் கடைசியில் இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியான இரவு, எங்கள் வீட்டில் இணையம் இருந்தது ஒரேயொரு கைப்பேசியில்தான். சுட்டெண்ணை நான்கு தடவை தட்டியும் பக்கம் திறக்கவில்லை. ஐந்தாவது தடவை திறந்தபோது உயிரியலுக்கு பி, இரசாயனவியலுக்கு சி, பௌதிகவியலுக்கு எஸ் என்று மூன்று எழுத்துகள் வரிசையாக நின்றன. எஸ் என்றாலும் சித்திதானே என்று அம்மா ஆறுதல் சொன்னார். ஆனால் மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் (எங்கள் புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று காட்டும் எண்) சேர்த்துச் சராசரி எடுத்தே பல்கலைக்கழக அனுமதி தீர்மானிக்கப்படுகிறது. ஒரு பாடம் கீழே இழுத்தால் மற்ற இரண்டும் தாங்காது என்பது எனக்கும் அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. விடிய எழும்பி, வழமைபோல வெங்காயத் தறையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அந்த எஸ் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்குத் தனியே ஏழு மாதங்கள் பிடித்தன. 10ஆம் தரத்திலேயே யாராவது என்னை மறித்து, இயக்கம் என்ற பகுதியை விளங்காமல் தாண்டிப் போகாதே என்று சொல்லியிருந்தால் அந்த ஏழு மாதங்களும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பௌதிகவியல் ரியூசனுக்கு மட்டும் மாதம் 1,500 ரூபாய் வீதம் 26 மாதங்களுக்கு 39,000 ரூபாய். கடைசி நான்கு மாதங்கள் வினாத்தாள் வகுப்புக்கு மாதம் 2,000 வீதம் 8,000. அச்சடித்த குறிப்புகளுக்கு 4,500. பெறுபேறு வந்த பதற்றத்தில் இன்னோரிடத்தில் சேர்ந்து மூன்று மாதங்களில் கைவிட்டதற்கு 6,000. மொத்தம் 57,500 ரூபாய், எல்லாம் வெங்காயக் காசு. கற்பித்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. முந்நூறு பேர் நெருக்கியடித்து இருக்கும் கொட்டகையில் ஒலிவாங்கியில் பேசுகிற ஒருவருக்கு, பின்வாங்கிலில் இருப்பவள் விளங்காமலே தலையாட்டுகிறாள் என்பது தெரிய வழியில்லை. தலையாட்டியது நான்தான்.

ஒரு வாரம் சுருண்டு கிடந்தபின், கடந்தகால வினாத்தாள் தொகுப்பு ஒன்றை எடுத்துப் பல்தேர்வு வினாக்களை ஒவ்வொரு வருடமாகச் செய்து, பிழைவிட்டவற்றை அலகு அலகாகப் பிரித்து எழுதினேன். நான் பயந்துகொண்டிருந்த மின்னியலில் பெரிய சேதம் இல்லை. பிழைகளில் பாதிக்கு மேல் இயக்கமும் விசையும் கலந்த வினாக்களில் இருந்தன. அவற்றுள் சமன்பாடு தெரியாததால் விட்ட வினா ஒன்றுகூட இல்லை. வி, யூ, ஏ, எஸ், ரி என்ற ஐந்து எழுத்துகளால் ஆன நான்கு சமன்பாடுகளும் எனக்கு நித்திரையிலும் வரும். வி இறுதி வேகம், யூ தொடக்க வேகம், ஏ ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்), எஸ் இடப்பெயர்ச்சி (தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்குத் திசையோடு அளக்கும் தூரம்), ரி நேரம். அவை எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்பதுதான் தெரியாது. நேர்கோட்டில், ஆர்முடுகல் மாறாமல் இருக்கும்போது மட்டுமே அவை பொருந்தும் என்ற வரி என் கொப்பியிலேயே இருந்தது. சமன்பாடுகளைச் சிவப்பு மையால் கட்டம் கட்டி வைத்திருந்தேன். அந்த வரி நீல மையில் கட்டத்துக்கு வெளியே கிடந்தது. பரீட்சைக்கு முதல்நாள் கட்டத்துக்குள் இருந்ததை மட்டும்தான் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

உயிரியல் பிரிவுக்குப் போகும் பிள்ளைகள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கணிதப் பிரிவினர் இதே இயக்கத்தை இணைந்த கணிதத்தில் ஒரு தடவையும் பௌதிகவியலில் ஒரு தடவையும் படிக்கிறார்கள். எங்களுக்கு அந்த இரண்டாவது தடவை கிடையாது. வினாத்தாள் மட்டும் இரு சாராருக்கும் ஒன்றே. ஆகவே 10ஆம் தர விஞ்ஞானப் புத்தகத்தில் நேர்கோட்டு இயக்கம், நியூற்றனின் விதிகள், உராய்வு ஆகியவை பற்றி வரும் அத்தியாயங்களை, சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்புத் தொடங்கும் இடைவெளியிலாவது ஆறுதலாக இன்னொருமுறை படித்துவிடுவது நல்லது. நான் அந்த இடைவெளியில் உயிரியல் குறிப்புகளை முன்கூட்டியே மனனம் செய்துகொண்டிருந்தேன்.

என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்க, நான் வீட்டுக்குள் ஒதுங்கினேன். கோயிலடியில் கண்டால் மாமிமார் "பிள்ளை, இந்தமுறை என்ன மாதிரி?" என்று கேட்பார்கள் என்ற பயத்தில் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. ரியூசனையும் விட்டபின் கைப்பேசியில் விளக்கக் காணொளிகளைத் தேடினேன். தமிழில் தேடினால் எனக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கானவை. விளக்கம் நன்றாகத்தான் இருந்தது; சொற்கள்தான் காலை வாரின. நாங்கள் கதி என்பதை அங்கே வேகம் என்கிறார்கள். நாங்கள் வேகம் என்பது, அதாவது திசையும் சேர்ந்த கதி, அங்கே திசைவேகம். ஆர்முடுகல் முடுக்கமாகவும், சடத்துவம் நிலைமமாகவும், படித்திறன் சாய்வாகவும் வரும். இவற்றைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது நிறை என்ற சொல். எங்களுக்குத் திணிவு (பொருளில் உள்ள சடத்தின் அளவு) கிலோகிராமில், நிறை (அதை ஈர்ப்பு இழுக்கும் விசை) நியூற்றனில். அங்கே நிறை என்பது நாங்கள் சொல்லும் திணிவு. நாங்கள் நிறை என்பதை அவர்கள் எடை என்பார்கள். சந்திரனுக்குப் போனாலும் நிறை மாறாது என்று ஒருவர் சரியாகத்தான் சொன்னார். அதை அப்படியே என் கொப்பியில் எழுதிவைத்துவிட்டு, நிறை சம்பந்தப்பட்ட கணக்குகள் எல்லாம் பிழைக்கப் பத்து நாட்கள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அக்கரைக் காணொளிகளைப் பார்ப்பவர்கள் முதல் வேலையாக இந்தச் சொற்களை இரண்டு நிரலாக எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிவிடுங்கள்.

இனி நான் விட்ட பிழைகளுக்கு வருகிறேன். முதலாவது குறி. ரியூசனில் வைத்த ஓர் அலகுப் பரீட்சையில், கிணற்றுக்கட்டில் நிற்பவர் ஒரு கல்லை நிலைக்குத்தாக மேல்நோக்கிச் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் எறிகிறார், தண்ணீர் மட்டம் அவர் கையிலிருந்து 10 மீற்றர் கீழே இருக்கிறது, கல் தண்ணீரைத் தொட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டிருந்தார்கள். புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 என்று கொள்ளச் சொல்லியிருந்தார்கள். தொடக்க வேகத்துக்கு 5, ஆர்முடுகலுக்கு மறை 10 (−10), இடப்பெயர்ச்சிக்கு 10 என்று போட்டேன். இருபடிச் சமன்பாடு வந்தது; வர்க்கமூலத்துக்குள் மறை 7 வந்து நின்றது. கூட்டலில் பிழை என்று நினைத்து மூன்று தடவை திரும்பச் செய்தேன், மூன்று தடவையும் மறை 7. கூட்டலில் பிழையே இல்லை. மேல்நோக்கிய திசையை நேர் என்று எடுத்தால், கல் கடைசியில் போய்ச் சேரும் இடம் தொடங்கிய இடத்துக்குக் கீழே இருப்பதால் இடப்பெயர்ச்சி மறை 10. நான் போட்டது கல் பயணித்த தூரமும் அல்ல, இடப்பெயர்ச்சியும் அல்ல, வினாவில் கண்ணில் பட்ட இலக்கம்.

மறை 10 என்று போட்டால் விடை இரண்டு செக்கன். அதை வேறு வழியாலும் சரிபார்க்கலாம்: கல் அரைச் செக்கனில் 1.25 மீற்றர் உயரும், அங்கிருந்து 11.25 மீற்றர் விழ ஒன்றரைச் செக்கன், மொத்தம் இரண்டு. சமன்பாடு தரும் இன்னொரு தீர்வு மறை 1 செக்கன். அதை வெட்டிவிடச் சொல்லித் தந்திருந்தார்கள், ஏன் வருகிறது என்று சொல்லித் தரவில்லை. ஒரு செக்கன் முன்னதாகவே தண்ணீர் மட்டத்திலிருந்து யாரோ அந்தக் கல்லைச் செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் மேலே எறிந்திருந்தால், அது எங்கள் கையைக் கடக்கும்போது சரியாக 5 மீற்றர் வேகத்தில்தான் இருந்திருக்கும்; கணிதத்துக்கு எறிந்தவர் எங்கே நின்றார் என்பது தெரியாது, அதனால் இரண்டு கதையையும் சொல்கிறது. இதைக் கண்டுபிடித்த மத்தியானம் நான் தனியே இருந்து சிரித்தேன். அன்றிலிருந்து, சமன்பாட்டை எழுதுவதற்கு முன்னர் ஒரு சிறிய படம் கீறி, நேர்த்திசையை அம்புக்குறியால் காட்டி, ஐந்து கணியங்களில் எது தெரியும், எது தெரியாது, ஒவ்வொன்றின் குறி என்ன என்று எழுதாமல் அடுத்த வரிக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதற்கு அரை நிமிடம் போதும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி, கல் உச்சிக்குப் போன கணம். அங்கே வேகம் பூச்சியம் என்பதால் ஆர்முடுகலும் பூச்சியம் என்று எத்தனையோ வருடங்கள் நம்பியிருந்தேன். அப்படியானால் வேகம் இனி மாறாது; கல் அந்தரத்திலேயே நிற்க வேண்டும். உச்சியிலும் ஆர்முடுகல் அதே அளவில் கீழ்நோக்கித்தான் இருக்கிறது, அதனால்தான் திரும்பி விழுகிறது.

சித்திரை மாதம் ஒருநாள் எரிச்சலில் கொப்பியை மூடிவிட்டு, எங்கள் தோட்டக் கிணற்றுக்கே போய்விட்டேன். வாளிக் கயிற்றை இறக்கி, நனைந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, தையல் நாடாவால் அளந்தபோது கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் 7.2 மீற்றர். கைப்பேசியின் நிறுத்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு, சிறு கல்லை எறியாமல் வெறுமனே கைவிட்டு, சத்தம் கேட்கும்வரை நேரம் எடுத்தேன். ஐந்து தடவையும் முறையே 1.35, 1.10, 1.42, 1.21, 1.28 செக்கன்கள் வந்தன. ஓய்விலிருந்து விழும் பொருளுக்கு, ஆர்முடுகல் என்பது தூரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் வருவது. 1.10ஐப் போட்டால் 11.9 வருகிறது, 1.42ஐப் போட்டால் 7.1 வருகிறது. சராசரியான 1.27ஐப் போட்டால் 8.9. புத்தகத்தில் 9.8 என்று இருக்க, எனக்கு 7க்கும் 12க்கும் இடையில் துள்ளுகிறதே என்று முதலில் வெட்கமாக இருந்தது. பிறகுதான் விளங்கியது: கல் விழுவதில் ஒரு குழப்பமும் இல்லை, என் விரல்தான் முந்தியும் பிந்தியும் அழுத்துகிறது. ஒன்றே கால் செக்கனில் பத்தில் ஒரு செக்கன் பிசகினால் எட்டு வீதப் பிழை. நேரம் வர்க்கமாக வருவதால் அது விடையில் பதினாறு வீதமாகிறது. செய்முறையில் வழுக் கணிப்பு என்று சொல்லித் தந்ததை நான் அதுவரை வெறும் சடங்காகவே செய்துவந்தேன். சத்தம் மேலே வர எடுக்கும் நேரமும் உண்டு, ஆனால் 7 மீற்றருக்கு அது செக்கனின் ஐம்பதில் ஒரு பங்குதான். மூன்றாவது கல்லுக்குப் பிறகு அப்பா தறைக்குள் நின்றபடியே, "பிள்ளை, கிணத்துக்குள்ள கல்லுப் போடாதை, மிசின் குழாயில போய் இறுகிடும்" என்று சத்தம் போட்டார். அதனால் மற்ற இரண்டும் அவர் அங்காலே திரும்பியபோது போட்டவை.

விழும் வேகம் எங்கள் விரலுக்கு எட்டாதது என்றால், அதை மெதுவாக்க வேண்டும். நானூறு வருடங்களுக்கு முன்னர் கலிலியோ அதைத்தான் செய்தார். செக்கனைச் சரியாக அளக்கும் கடிகாரம் இல்லாத காலத்தில், மரப்பலகையில் தவாளிப்பு வெட்டி, அதைச் சற்றே சரித்து, வெண்கலக் குண்டை உருளவிட்டு, ஒரு பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை நிறுத்து நேரத்தை அளந்தார். 1638இல் அதை அச்சில் வெளியிட்டார். சம நேர இடைவெளிகளில் குண்டு கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் விகிதத்தில் கூடிக்கொண்டு போகின்றன என்பது அவர் கண்டது. எங்கள் வீட்டுக் கோடியில் நீளவாட்டில் பிளந்த பி.வி.சி. குழாய் ஒன்று 3 மீற்றர் நீளத்தில் கிடந்தது. அதன் ஒரு முனையைச் சில பழைய புத்தகங்களின் மேல் ஏற்றி, தம்பியின் போளை ஒன்றை உருளவிட்டு, செக்கனுக்கு ஒருமுறை தட்டும் தாளத்தைக் கைப்பேசியில் போட்டுவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் போளை நின்ற இடத்தில் சோக்கட்டியால் கோடு கீறினேன். ஒரே முறையில் நான்கு கோடும் கீற முடியாது. ஒரு தடவைக்கு ஒரு கோடு, அதையும் இரண்டு மூன்று முறை திருத்த வேண்டும். இடைவெளிகள் 11, 31, 48, 72 சென்ரிமீற்றர் வந்தன. பத்துப் பத்தாகக் கூடும் என்று எதிர்பார்த்தால் இல்லை. இருபது இருபதாகக் கூடுகிறது. ஒவ்வொரு செக்கனிலும் வேகம் ஒரே அளவால் கூடுகிறது என்ற வசனம் எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது அன்றுதான். செலவு, ஒரு சோக்கட்டி.

பாரமான பொருள் முதலில் விழும் என்பதையும் மனம் இலேசில் விடாது. ஒரு கொப்பியையும் ஒரு தாளையும் தனித்தனியே விட்டால் தாள் மிதந்துகொண்டு வரும். தாளைக் கொப்பியின் மேல் விளிம்பு வெளியே தெரியாமல் வைத்து விட்டால் இரண்டும் ஒன்றாக வரும். கீழே வரும் தாளைத் தடுப்பது காற்றுத்தான். 1971இல் அப்பலோ 15இல் சந்திரனுக்குப் போன டேவிட் ஸ்கொட், காற்றில்லாத அந்த இடத்தில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. அந்தக் காட்சி இணையத்தில் கிடைக்கிறது, ஒரு நிமிடம்கூட இல்லை.

அடுத்தது வரைபு. இங்கேதான் நான் அதிக புள்ளிகளை இழந்தேன் என்று நினைக்கிறேன். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் ஒன்று செக்கனுக்கு 10 மீற்றர் என்ற மாறா வேகத்தில் தரிப்பிடத்தைக் கடக்கும் அதே கணத்தில், அங்கே நின்ற மினிபஸ் ஒன்று ஓய்விலிருந்து ஒவ்வொரு செக்கனுக்கும் 2 மீற்றர் வீதம் வேகத்தைக் கூட்டிக்கொண்டு துரத்துகிறது என்று வைப்போம். பருத்தித்துறை வீதியில் தினமும் நடப்பதுதான். வேக–நேர வரைபில் முதலாவது கிடைக்கோடு, இரண்டாவது சரிவுக்கோடு. ஐந்தாவது செக்கனில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். மினிபஸ் எப்போது எட்டிப்பிடிக்கும் என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாவது செக்கன் என்று எழுதியிருப்பேன், எழுதியும் இருக்கிறேன். அந்தக் கணத்தில் வேகங்கள்தான் சமம். பஸ் 50 மீற்றர் போய்விட்டது, மினிபஸ் 25 மீற்றர்தான் வந்திருக்கிறது. இடைவெளி உச்சத்தில் இருப்பதே அப்போதுதான். எட்டிப்பிடிப்பது கோடுகளுக்குக் கீழுள்ள பரப்புகள் சமமாகும் பத்தாவது செக்கனில், தரிப்பிடத்திலிருந்து 100 மீற்றர் தள்ளி. அப்போது மினிபஸ்ஸின் வேகம் 20. இதே வினாவை இடப்பெயர்ச்சி–நேர வரைபில் கீறினால், வெட்டும் புள்ளியே சந்திக்கும் இடம். ஆகவே வரைபு ஒன்றைக் கண்டதும் கோட்டைப் பார்க்காமல் முதலில் நிலைக்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று விரலை வைத்து வாசியுங்கள். வேக–நேர வரைபில் படித்திறன் ஆர்முடுகல், பரப்பு இடப்பெயர்ச்சி. இடப்பெயர்ச்சி–நேர வரைபில் படித்திறன் வேகம், பரப்புக்குப் பயனில்லை. ஒரே வினாவை இரண்டு வரைபிலும் ஒரு நாளைக்கு ஒன்று என்று நாற்பது நாட்கள் கீறினேன்; பிறகு சமன்பாடு இல்லாமலே பல வினாக்களுக்கு விடை வந்தது.

சைக்கிளில் படித்தவையும் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து வகுப்புக்கு 6 கிலோமீற்றர். சோளகக் காற்று எதிர்த்து அடிக்கும் நாட்களில் போக 36 நிமிடம், அதாவது மணிக்கு 10 கிலோமீற்றர். திரும்பி வரக் காற்று தள்ளிவிடும், 24 நிமிடம், மணிக்கு 15. சராசரிக் கதி பன்னிரண்டரை என்று சொல்லத் தோன்றும். 12 கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்தில் ஓடியிருக்கிறேன், ஆகவே 12தான். மெதுவாகப் போன பாதியில் கூடுதல் நேரம் செலவாவதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. சராசரி வேகமோ பூச்சியம், ஏனென்றால் புறப்பட்ட படலையடிக்கே திரும்பி வந்துவிட்டேன். காலைமுதல் மாலைவரை மிதித்துக் களைத்தவளிடம் உன் இடப்பெயர்ச்சி பூச்சியம் என்று சொல்வது கொடுமைதான், ஆனால் பரீட்சகர் அதைத்தான் கேட்பார்.

அந்தச் சைக்கிளே என் மிகப் பெரிய தப்பெண்ணத்துக்கும் காரணம். மிதித்தால் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. ஆகவே ஓடுவதற்கு விசை வேண்டும் என்று உடம்பு கற்றுவைத்திருக்கிறது. சீரான வேகத்தில் செல்லும் பொருளின் மீதான விளையுள் விசை (எல்லா விசைகளும் சேர்ந்து தருவது) என்ன என்ற வினாவுக்கு, பூச்சியம் என்ற விடையைத் தாண்டிப் போய் வேறெதையோ தெரிவுசெய்துகொண்டே இருந்தேன். காற்று எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறதோ அவ்வளவுக்கு மட்டும் நான் முன்னுக்குத் தள்ளும்போதுதான் சைக்கிள் ஒரே வேகத்தில் போகிறது. அதைவிடக் கூட மிதித்தால் வேகம் கூடும், குறைய மிதித்தால் குறையும். விசை வேகத்தைத் தருவதில்லை, வேகத்தை மாற்றுகிறது. 1687இல் நியூற்றன் எழுதி வெளியிட்ட இந்த விதியை 2018 வைகாசியில், உரும்பிராய்ச் சந்திக்கு அண்மையில் எதிர்க்காற்றில் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் நம்பினேன். இன்னொரு வேடிக்கை, உராய்வு எப்போதும் பின்னோக்கியது என்று எழுதிவிடுவது. மிதிக்கும்போது பின்சில்லு தரையைப் பின்னுக்குத் தள்ள, தரை சில்லை முன்னுக்குத் தள்ளுகிறது. எங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அந்த முன்னோக்கிய உராய்வுதான். மழைக்குள் சேற்றில் சில்லு வழுக்கியபோது இதைப் பட்டறிந்திருக்கிறேன்.

நியூற்றனின் மூன்றாம் விதிக்கு மாட்டுவண்டிச் சவாரியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு வண்டியை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வண்டியும் மாட்டை இழுக்கிறது என்றால் வண்டி எப்படி நகர்கிறது? இரண்டு விசைகளும் ஒரே பொருளில் தாக்கவில்லை, ஆகவே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளா. வண்டியை மட்டும் தனியே கீறி, அதன் மேல் தாக்கும் விசைகளை மட்டும் குறித்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அலகு பற்றி ஒரு வார்த்தை. மணிக்குக் கிலோமீற்றரில் தந்ததை அப்படியே சமன்பாட்டில் போடும் பழக்கத்தை விட, 18, 36, 54, 72 என்றால் முறையே செக்கனுக்கு 5, 10, 15, 20 மீற்றர் என்று ஒரு வாய்ப்பாடு வைத்துக்கொண்டேன். கணிப்பான் கொண்டுபோக முடியாத பரீட்சையில் அது கைகொடுத்தது. ஒவ்வொரு செக்கனுக்கும் 5 மீற்றர் வீதம் வேகத்தைக் குறைக்கும் (அமர்முடுகும்) வாகனம் 36இல் வந்தால் தடை பிடித்து 10 மீற்றரில் நிற்கும். 72இல் வந்தால் 40 மீற்றர் வேண்டும். வேகம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. அண்ணா மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போகும்போதெல்லாம் இதைச் சொல்லி ஏச்சு வாங்குவேன்.

2018 ஆவணியில் இரண்டாம் தடவை எழுதினேன். 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம், ஒன்றுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும். முதல் தடவை இயக்கக் கணக்குகளில் சிக்கி, கடைசி ஒன்பது வினாக்களுக்கு வாசிக்காமலே குறியிட்டேன். இரண்டாம் தடவை, படம் கீறிய பின்னும் வழி தெரியாத வினாவைச் சுழித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பௌதிகவியலுக்கு பி வந்தது. நான் ஆசைப்பட்ட மருத்துவம் கிடைக்கவில்லை. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டேன். சுகாதாரம் சார்ந்த வேறொரு பட்டப்படிப்புக்கு அனுமதி கிடைத்துப் போனேன், முடித்தும் விட்டேன். அந்த ஒரு வருடம் இன்னமும் சில இரவுகளில் உறுத்துகிறது.

சென்ற மாதம் மாமியின் மகன், 10ஆம் தரம், நேர்கோட்டு இயக்கம் தொடங்கிவிட்டார்கள் என்று கொப்பியோடு வந்தான். முதற் பக்கத்தில் சமன்பாடுகள், சிவப்பு மையில், கட்டம் கட்டி. ஒரு கல்லை மேலே எறிந்தால் உச்சியில் ஆர்முடுகல் எவ்வளவு என்று கேட்டேன். "பூச்சியம், அக்கா" என்றான், கொஞ்சமும் யோசிக்காமல். கொப்பியை மூடச் சொல்லிவிட்டு அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார், கையில் இருந்த கைப்பேசியையும் பார்த்தார், பிறகு போய் மிசினை நிற்பாட்டினார்.

"கல்லுச் சின்னனாப் பார்த்து எடுங்கோ" என்றார்.